எட்டு விரக்கடை!

திருப்பூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனியன். அதை விட்டா ஜட்டி! வெளியூர்லேர்ந்து எங்க காலேஜுக்குப் படிக்க வர்றவங்க எல்லாருமே, ஊர் முழுக்க நூலும் சாயமும்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டுத்தான் பஸ்ல வந்து இறங்குறாங்க. காங்கேயம் ரோட்டுல ஒரு முக்கால் மணி நேரம் போய்ப் பாருங்க... கம்பெனி காம்பவுண்டு சுவரெல்லாம் முடிஞ்சு, கிளுவை வேலி ஆரம்பிக்கும். அந்த வேலிக்குள்ளே இருக்கிறதுக்குப் பேரு கொரங்காடு. உள்ளே ஒரு குரங்குகூட இருக்காது, பயப்படாதீங்க. மாடு மேயற காடு.

கீழே கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல் மரம், சுத்தி கிளுவை வேலி. கொரங்காடுன்னா இந்த மூணும்தான். கிணத்துத் தண்ணி, வாய்க்கால் தண்ணி எதுவும் கிடையாது. வானம் பார்த்துப் பெய்யற மழையில முளைச்சு, அதை வெச்சே வருஷம் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேவு கொடுக்கிற நிலம். 2017 ஜனவரியில மெரினாவுல உட்கார்ந்தப்போ நம்மாளுங்க போட்டிருந்த டி-ஷர்ட்ல எல்லாம் திமிலோட நின்னுச்சே காளை... அந்த காங்கேயம் இனம் உருவானது இந்தப் புல்லைத் தின்னுதான். காளைக்கு ஸ்டேட்டஸ் வெச்சோம், ரைட்டு. புல்லுக்கு யாராவது வெச்சோமா?

எங்க அப்புச்சிக்கு காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவுல ஏழு ஏக்கர் கொரங்காடு. ஒட்டினாப்ல பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணி பாயற மூணு ஏக்கர் தென்னந்தோப்பு. நான் பேஷன் டெக்னாலஜி மூணாவது வருஷம். சனி, ஞாயிறு ஆனா அப்புச்சி வீடுதான். ஒரு பக்கம் ஓவர்லாக் மெஷின், இன்னொரு பக்கம் ஓட்டங்காடுன்னு நடுவுல ஓடிக்கிட்டிருக்கிற ஜென்மம் நான். அதனாலதான் இந்தக் கதையை உங்ககிட்ட சொல்ல எனக்குத் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

முன்னாடியெல்லாம் மழை விட்டதும் பத்து பேர் வந்து, அருவாளும் கொத்துமா காட்டுல இறங்குவாங்களாம். முள்ளுச்செடி, களைச்செடியை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டிட்டு, புல்லை அப்படியே விட்டுருவாங்களாம். இப்ப காலையில ஏழு மணிக்கு ஊருக்குள்ளே கம்பெனி வேன் வருது. கைமடி, செக்கிங், பேக்கிங்னு எல்லாரும் ஏறிடுறாங்க. நிழல்ல வேலை, சனிக்கிழமை ஆனா கையில சம்பளம். ஏறாம என்ன பண்ணுவாங்க? எங்கம்மாவும் அந்த மாதிரி ஒரு வேன்ல ஏறிப் போய் செக்கிங் பார்த்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுறாங்க. ஆக, யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை. ஆள் போன இடத்துக்கு மெஷின் வந்திருக்கு, அவ்வளவுதான்.

அந்த மெஷினுக்குப் பேரு ஸ்லாஷர். தோள்ல மாட்டிக்கிட்டு ‘ஙொய்ங்’னு சுத்துற பிரஷ் கட்டர் இல்லை. இது டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுறது. ஒரு பெரிய இரும்பு மூடி. அதுக்கடியில ரெண்டு கனமான பிளேடு. டிராக்டரோட பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தும். நடுவுல இருக்கிற கியர் பாக்ஸ் அதை இன்னும் வேகமாக்கி பிளேடுக்கு அனுப்பும். அஞ்சடி அகல மெஷின்ல பிளேடு நுனியோட வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. விரல் தடிமன் முள்ளுச்செடியெல்லாம் அதுக்கு ஜுஜுபி. ரோட்டவேட்டர் மாதிரி மண்ணைக் கிளறாது. வெட்டினதை அங்கேயே தூவிட்டுப் போயிடும். தோப்புக்கு அது மூடாக்கு.

கேட்க நல்லாத்தானே இருக்கு? வில்லங்கம் ஒரே இடத்துலதான். தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல வெட்டுறதுங்கிற இடத்துல.

2023 கார்த்திகையில முதல் தடவையா வாடகைக்கு ஸ்லாஷர் வந்துச்சு. அப்புச்சி அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்தார். மாமாதான் நின்னு வேலை வாங்கினார். தோப்புல ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு வெச்சு ஓட்டின மெஷின், அதே செட்டிங்கோட கொரங்காட்டுக்குள்ளே நுழைஞ்சு மூணரை ஏக்கரை முடிச்சுட்டுத்தான் நின்னுச்சு. பார்க்க சும்மா சொல்லக் கூடாது... கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி இருந்துச்சாம். மாமா போட்டோகூட எடுத்து குரூப்ல போட்டார். நாங்களும் தம்ஸ்-அப் போட்டோம்.

அடுத்து வந்தது 2024 சித்திரை. அந்த வெயில் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். வெட்டாத பாதியில புல்லு காய்ஞ்சு வெளுத்துப் போச்சு, ஆனா தூர் உசுரோட நின்னுச்சு. வெட்டின பாதியில பல தூர் அப்படியே பட்டுப்போச்சு. நடுநடுவுல செம்மண்ணு சொட்டை மாதிரி தெரிய ஆரம்பிச்சுச்சு. சோளத்தட்டு விலைக்கு வாங்கி எத்தனை நாள் போட முடியும்? கண்ணபுரம் தேர்ச்சந்தைக்கு ரெண்டு மாட்டை ஓட்டிட்டுப் போனார் அப்புச்சி. எட்டு, ஆறாச்சு. வித்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி அவர் சோறு திங்கலைன்னு அம்மிச்சி சொன்னாங்க.

ஏன் செத்துச்சு? கொழுக்கட்டைப் புல் நெல்லு மாதிரி ஒரு போகத்தோட முடியற சமாச்சாரம் இல்லை. ஒரே தூர் வருஷக்கணக்கா நிக்கும். அடுத்த மழைக்குத் துளிர்க்க வேண்டிய சேமிப்பு தூரோட அடித்தண்டுலயும் வேருலயும்தான் இருக்கு. மழை முடியற நேரத்துல அடியோட வழிச்சுட்டா, சாப்பாடு தயாரிக்க இலையும் இல்லை, சேமிப்பும் காலி. அடுத்த நல்ல மழைக்கு நாலஞ்சு மாசம் ஆகும். நிழல் போனதால மண்ணும் சுடும். ஏ.டி.எம்.ல மினிமம் பேலன்ஸையும் சேர்த்து வழிச்சு எடுத்துட்டு, அடுத்த மாசம் கார்டு வேலை செய்யலைன்னா எப்படி?

அப்புச்சிக்கு இஞ்ச் கணக்கெல்லாம் தெரியாது. அவருக்கு விரக்கடை. விரலைப் படுக்கப் போட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவார். 12 விரக்கடை ஒரு சாண். “தோப்புக்கு நாலு, கொரங்காட்டுக்கு எட்டு. இதுக்குக் கீழ எறங்குனா மாட்டை வித்துப்போட்டு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிர்றேன் போ!” இதுதான் அவரோட ஸ்பெசிஃபிகேஷன் ஷீட். சாண் ஒன்பது இஞ்ச்னு வெச்சா, நாலு விரக்கடை மூணு இஞ்ச். எட்டு விரக்கடை ஆறு இஞ்ச். நான் கணக்குப் போட்டுச் சொன்னதும், “அதத்தானே நானுஞ் சொன்னேன்”னார்.

2025 கார்த்திகையில மறுபடி மெஷின் வந்தப்போ நான் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். காரணம் இருக்கு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம துணிக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினதுல, பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ற எங்க மாமாவுக்கு ஆர்டர் தொங்கிப் போச்சு. கொரங்காட்டுல மூணரை ஏக்கரை குடோனுக்கு வாடகைக்கு விட்டா மாசம் ஒரு தொகை வருமேன்னு யோசனை. எந்தப் பாதி? புல்லு செத்த பாதிதான். “அங்கதான் ஒண்ணுமே மொளைக்கறதில்லீங்களேப்பா”ங்கிறது அவரோட வாதம். அதுல நியாயம் இல்லைன்னு சொல்ல முடியாது. கடன்காரன் வாசல்ல நிக்கிறப்போ எட்டு விரக்கடைப் புல்லைப் பத்திப் பேசினா யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனா அந்தப் பாதியில ரெண்டு மழைக்கு அப்புறம் சில தூர் திரும்பவும் எழுந்திருந்துச்சு. இந்த வருஷமும் மெஷின் அடியோட வழிச்சா அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மீதிப் பாதியும் அதே மாதிரி ஆனா, ஆறு மாடும் இல்லை.

டிரைவர் அண்ணன் வந்தார். “எவ்வளவு உசரத்துல வெக்கட்டுங்க?” அப்புச்சி விரலைக் காட்டினார். அண்ணன் சீட்டுல உட்கார்ந்தபடியே லிவரைக் கொஞ்சம் தூக்கிட்டு, “ஆச்சுங்க”ன்னார்.

அங்கதான் எனக்கு மூக்கு வேர்த்துச்சு. எங்க காலேஜ்ல டி-ஷர்ட் நீளம் அரை இஞ்ச் கூடினாலோ குறைஞ்சாலோ பீஸைத் தூக்கி ரிஜெக்ட்ல போட்டுருவாங்க. எந்தப் புள்ளியிலேர்ந்து எந்தப் புள்ளிக்கு அளக்கணும்னு படம் போட்டே சொல்லித் தருவாங்க. இங்க ஒரு மனுஷன் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, பின்னாடி திரும்பிப் பார்த்து, மூடியோட விளிம்பை வெச்சு உயரம் சொல்றார்! மூடி எங்கே இருக்கு, பிளேடு எங்கே இருக்கு? என் பையில எப்பவும் ஒரு இஞ்ச் டேப்பும் டெய்லர் சாக்பீஸும் இருக்கும். எடுத்துட்டேன்.

“ஏனுங் அம்மணி, டிராக்டருக்கு பேன்ட் தைக்கப் போறீங்களா?”ன்னு சிரிச்சார் அண்ணன். ஆனா நல்ல மனுஷன். கேட்டதுக்கெல்லாம் பொறுமையா செஞ்சு காட்டினார். அவருக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு. செய்யச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்கலை, அதான் மேட்டர்.

முதல்ல டிராக்டரை தேங்காய் காயப்போடற சிமென்ட் களத்துல நிறுத்தினோம். தரை சமமா இல்லாட்டி எல்லா அளவும் பொய். பின்டயர் ரெண்டுலயும் காத்து ஒரே அளவு இருக்கணும். ஒண்ணு தணிஞ்சிருந்தா மெஷின் ஒரு பக்கம் சாயும். பி.டி.ஓ. ஆஃப், இன்ஜின் ஆஃப், சாவி என் பாக்கெட்ல. பிளேடு முழுசா நின்னதும் மூடிக்கடியில நாலு பக்கமும் தென்னங்கட்டையை முட்டுக் கொடுத்தோம். ஹைட்ராலிக்கை நம்பி கையை உள்ளே விடக் கூடாதாம். லிவரை யாராவது தெரியாம தட்டினாலே மொத்த எடையும் இறங்கிடும். இன்னொண்ணு... துப்பட்டாவைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டுத்தான் பக்கத்துல போனேன். சுத்துற பி.டி.ஓ. தண்டுல துணி நுனி சிக்கினா ஆளையும் சேர்த்து இழுத்துக்கும். அப்புச்சியோட வேட்டிக்கும் அதே ரூல்தான். அவரைத் திண்ணையிலேயே உட்கார வெச்சாச்சு.

அப்புறம் இடது, வலது மட்டம். டிராக்டர் லிஃப்ட்ல வலது பக்கத் தண்டுல ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுத்தினா அந்தப் பக்கம் ஏறும், இறங்கும். ரெண்டு பக்கமும் மூடி விளிம்பை அளந்து சமமாக்கினோம். இது தப்பினா காடு முழுக்க படிக்கட்டு மாதிரி வெட்டு விழும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்துல இருக்கக் கூடாது! முன்பக்கம் அரை இஞ்ச்லேர்ந்து முக்கால் இஞ்ச் வரைக்கும் தணிஞ்சிருக்கணும். ஏன்னா, முன்னாடி சுத்தி வர்ற பிளேடு வெட்டினதை, பின்னாடி போற பிளேடு மறுபடி வெட்டக் கூடாது. பின்பக்கம் தணிஞ்சிருந்தா ஒரே புல்லை ரெண்டு தடவை அரைக்கும், டிராக்டர் முக்கும், டீசல் குடிக்கும், வெட்டின தழை வெளியே போக வழியில்லாம உள்ளேயே அடைச்சுக்கும். முன்பக்க உயரம் லிஃப்ட் கையில, பின்பக்க உயரம் பின்னாடி இருக்கிற சின்னச் சக்கரத்துல. அந்தச் சக்கரத் தண்டுல வரிசையா ஓட்டை இருக்கு, பின்னைக் கழட்டி வேற ஓட்டையில மாட்டணும். மேலே இருக்கிற டாப் லிங்க்கை விறைப்பா இறுக்கிடக் கூடாது. கொஞ்சம் விளையாட விடணும். அப்பத்தான் மேடு பள்ளத்துல சின்னச் சக்கரம் தரையோட ஏறி இறங்கும்.

இப்ப டேப்! ஸ்லாஷர் பிளேடு ஃபேன் இறக்கை மாதிரி இறுக்கி வெச்சது இல்லை. கல்லுல பட்டா மடங்கிக்கிற மாதிரி ஒரு போல்ட்ல தொங்குது. அதைக் கம்பியால வெளியே இழுத்து நீட்டி, நுனியிலேர்ந்து தரைக்கு அளக்கணும். கையை வெச்சு இல்லைங்க, கம்பியால. முதல் அளவு எவ்வளவு தெரியுமா? முன்னாடி மூணே கால் இஞ்ச். அண்ணன் கண்ணுக்கு ‘எட்டு விரக்கடை’யா தெரிஞ்சது பாதிக்குக் கொஞ்சம் மேல! நாலு தடவை மாத்தி மாத்தி வெச்சு, முன்னாடி ஆறு, பின்னாடி ஆறரை வந்துச்சு. லிஃப்ட் லிவர்ல டிராஃப்ட், பொசிஷன்னு ரெண்டு இருக்கும். உழவுக்கு டிராஃப்ட், இதுக்குப் பொசிஷன். அந்த இடத்துல லிவர் இதுக்கு மேல இறங்காதபடி தடுப்புத் திருகை நகர்த்தி இறுக்கிட்டு, பக்கத்துல என் சாக்பீஸால ஒரு கோடு.

களத்துல ஆறு இஞ்ச்னா காட்டுலயும் ஆறா இருக்குமான்னு கேட்டீங்கன்னா, இருக்காது! ஈர மண்ணுல டயரும் இறங்கும், சின்னச் சக்கரமும் இறங்கும். அதனால காட்டுல இருவது முப்பது அடி ஓட்டிட்டு, நிறுத்தி, வெட்டுன தாள் எவ்வளவு நிக்குதுன்னு அஞ்சாறு இடத்துல அளந்தோம். அஞ்சு, அஞ்சேகால்னு வந்துச்சு. திரும்ப ஒரு ஓட்டை மேல. அப்புச்சி திண்ணையை விட்டு எந்திரிச்சு வந்து, டேப்பைக் கண்டுக்காம, தாளுக்குப் பக்கத்துல ரெண்டு கையோட நாலு நாலு விரலை அடுக்கிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. வெத்தலையை மடிச்சு வாயில போட்டார். அவர் அப்ரூவ் பண்ணிட்டார்னு அர்த்தம்.

உயரமா வெட்டுறதுல புல்லுக்கு மட்டும்தான் லாபம்னு நினைச்சுடாதீங்க. எங்க மண்ணு பூரா வெங்கச்சங்கல். பக்கத்துல படியூர்ல ஒரு காலத்துல பெரில் ரத்தினக்கல்லே தோண்டினாங்கன்னா பார்த்துக்கோங்க. ரத்தினமோ வெங்கச்சங்கல்லோ, பிளேடுக்கு எல்லாம் ஒண்ணுதான். கீழே இறக்கி ஓட்டினா கல்லு துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். 300 அடி தள்ளிக்கூட போய் விழலாம். அதனால மெஷின் ஓடறப்போ ஆடு, மாடு, குழந்தைங்க, டிக்டாக்... சாரி, ரீல்ஸ் எடுக்கிற பசங்க யாரும் அந்தக் காட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. தோப்புலயும் சிக்கல் உண்டு. சொட்டுநீர்க் குழாய், பாத்தி வரப்பு, விழுந்து கிடக்கிற மட்டை. மூணு இஞ்ச்லயே போனாலும் குழாயை ஓரம் ஒதுக்கிட்டுத்தான் நுழையணும்.

டீ குடிக்கிறப்போ அண்ணன்கிட்ட கேட்டேன். “இவ்வளவு தெரிஞ்சும் ஏண்ணா எல்லாக் காட்டுலயும் தணிச்சே ஓட்டுறீங்க?”

அவர் சொன்ன பதில்தான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு. “மணிக்கணக்குல வாடகை அம்மணி. மொட்டை அடிச்சாத்தான் வேலை நடந்த மாதிரி தெரியுது. உசரமா வெட்டிக் குடுத்தா, ‘என்னப்பா, பாதி அப்படியே நிக்குது’ன்னு காசைக் கொறைக்கிறாங்க. பிளேடு தேய்மானம் எனக்கு. டீசல் எனக்கு. தணிச்சு ஓட்டுனா எனக்குத்தான் நட்டம். ஆனா அப்படி ஓட்டுனாத்தான் கூலி முழுசா வருது.”

பாருங்க, மெஷினுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர், ஓட்டுறவர் ஒருத்தர், காசு கொடுக்கிறவர் ஒருத்தர். மேயப் போற மாட்டை யாரும் கேட்கலை. வேளாண்மைப் பொறியியல் துறையிலயும் டிராக்டரும் கருவிகளும் மணிக்கணக்குலதான் வாடகைக்குக் கொடுக்கிறாங்க; உழவன் செயலியிலயே பதிவு பண்ணலாம். யார்கிட்ட எடுத்தாலும் சரி, மெஷின் காட்டுக்குள்ளே நுழையறதுக்கு முன்னாடியே, எந்தக் காட்டுக்கு எத்தனை இஞ்ச்னு பேசிட்டு, அந்த உயரத்துல வெட்டினாலும் கூலி முழுசுதான்னு சொல்லிடுங்க. எங்க மாமாவே அன்னைக்கு அதைத்தான் செஞ்சார். முணுமுணுத்துக்கிட்டே!

ஸ்லாஷரால ஆகாத வேலையும் இருக்கு. சீமைக்கருவேலத்தை இதால வெட்டினா ஒரு தண்டு இருந்த இடத்துல நாலு தண்டு கிளம்பும்; அடிக்கட்டையிலேர்ந்து துளிர்க்கிற ஜாதி அது. வேரோட பிடுங்கணும். பார்த்தீனியமும் அப்படித்தான், வெட்டினா அடியிலேர்ந்து கிளைச்சு, குட்டையா நின்னே பூத்துடும். பூக்கிறதுக்கு முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கிறப்போ, கையுறை போட்டுக்கிட்டுப் பிடுங்குறதுதான் வழி. வெறுங்கையில தொட்டா சில பேருக்கு அரிப்பு உசுரை வாங்கிடும். அதை நானும் அம்மாவும் மறுநாள் செஞ்சோம். செக்கிங்ல டேமேஜ் பீஸ் பிரிக்கிற வேகத்துல அம்மா பிடுங்கிக்கிட்டே போனாங்க. நான் ரெண்டு வரிசை பின்னாடி!

சாயங்காலம் நாலரைக்கு ஏழு ஏக்கரும் முடிஞ்சுச்சு. மாமா மொபைலை எடுத்தார், காட்டைப் பார்த்தார், போட்டோ எடுக்காம பாக்கெட்ல வெச்சுட்டார். பார்க்க அழகா இல்லைதான். தலை சீவாத பையன் மாதிரி அங்கங்கே சிலுப்பிக்கிட்டு நின்னுச்சு புல்லு. குடோன் பேச்சு இன்னும் முடியலை. சித்திரை வரைக்கும் பார்க்கலாம்னு அப்புச்சி வாய்தா வாங்கியிருக்கார். அந்த மூணரை ஏக்கர்ல பத்தடிக்குப் பத்தடியா ஒரு இடத்துல நாலு முளைக்குச்சி அடிச்சு, உள்ளே இருக்கிற உசுருள்ள தூரை எண்ணி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். மொத்தம் 31.

டிரைவர் அண்ணன் கிளம்புறப்போ சாக்பீஸ் கோட்டைத் துடைக்கப் போனேன். “இருக்கட்டும் அம்மணி. அடுத்து ஒரு கொரங்காட்டுக்குத்தான் போறேன்”னார். பாதி சாக்பீஸையும் கேட்டு வாங்கிட்டுப் போனார்.